எனக்குத் தெரியாத பாஷையில் சொன்ன வியாதி

முதல் ரத்தத்தை நான் வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன்.

மாசி மாதம், புளி வரத்து தொடங்கிய நேரம். கிருஷ்ணகிரியில் என் மண்டி வாசலில் நின்று இருமித் துப்பினேன். சிவப்பாக விழுந்தது. வாயில் வெற்றிலை இருந்ததால் யோசிக்கவில்லை. மறுநாள் காலை பல் விளக்கும்போது, வெற்றிலை போடாத வாயிலிருந்து அதே சிவப்பு வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். வைத்தியரைத் தேடவில்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். காவேரிப்பட்டினத்திலிருந்து பெங்களூர் வரை பிறத்தியார் வண்டியில் புளி மூட்டை ஓட்டிப் பிழைத்தவன். ஒருத்தர் தயவும் இல்லாமல் சொந்த மண்டி வைத்தேன், லாரி வாங்கினேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலிலும் விலை பேசுவேன்; நாலிலும் திட்டுவேன். புளியை முகர்ந்தே எந்தப் பக்கத்து மரம் என்று சொல்கிறவன் சேலம் ஜில்லாவில் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள். இதையெல்லாம் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவனைத்தான் ஏமாற்றினார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாதம் ரத்தத்தை மறைத்தேன். மண்டியில் இருக்கும் நேரம் முழுக்க வாயில் வெற்றிலை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ரத்தம் எது, சாறு எது என்று யாராலும் சொல்ல முடியாது. இருமலைக் கேட்டவர்களுக்குப் புளித் தூசி என்று சொன்னேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அதே தந்திரத்தைச் செய்துகொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வெள்ளைத் துணியில் துப்பி, அந்தத் துணியோடு டாக்டரிடம் போங்கள்.

எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாலூர்த் தரகர் வெங்கடப்பா இருபது வருஷமாக என் விரலைப் பிடித்தவர். ஒருநாள் துண்டுக்குள் கையை வைத்தபடியே நிறுத்திவிட்டார்.

"இன்னா யஜமான்ரே, விரல் நுனியெல்லாம் இப்பிடி உருண்டு போயிருக்குது?"

"காசு சேர்ந்தா விரலும் கொழுக்கும்யா. உனக்கு எங்க தெரியப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். நெஞ்சுக்குள் வளரும் கட்டிக்கு விரல் நுனி இப்படி உருண்டு தடிப்பதும் ஓர் அடையாளம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். தரகர் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் தலையணை உறை காட்டிக் கொடுத்தது. என் மனைவி ராஜம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். அன்றைக்கே ஊர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் முதுகில் தட்டிக் கேட்டார், மார்பை எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே எடுக்கும் படம்) எடுக்கச் சொன்னார். வலது பக்கம் மேலே ஒரு நிழல். டி.பி. (காசநோய்) என்றார். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி தொடங்கினார். தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக இருக்க வேண்டும், குழந்தையைக் கிட்டே விடக் கூடாது என்றார்.

என் மகன் கோவிந்தன் பெங்களூரில் ஒரு பாக்டரி ஆபீஸில் வேலை செய்கிறான். மருமகளும் பேத்தி லட்சுவும் எங்களோடு இருந்தார்கள். லட்சு அப்போது தவழுகிற பிள்ளை. அன்று முதல் என் அறை வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தார்கள், அவள் உள்ளே வந்துவிடாமல் இருக்க. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டுப் போவார்கள். சேதி மண்டிக்கும் போயிற்று. வெங்கடப்பா வந்தார், தூர நின்று நலம் விசாரித்தார். நான் வழக்கம்போல் துண்டை நீட்டினேன். "வாயாலயே சொல்லுங்க யஜமான்ரே, பரவால்ல" என்றார். எத்தனையோ நஷ்டம் பார்த்தவன் நான். அந்த ஒரு வார்த்தை மாதிரி எதுவும் என்னை உட்கார வைத்ததில்லை.

ஆறு மாதம் ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லை. சளியை மூன்று முறை சோதித்தும் கிருமி இல்லை என்றார்கள். என் உடம்பின் வலுவில் கிருமி செத்துவிட்டது என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். கிருமி இல்லை என்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

ஐப்பசியில் கோவிந்தன் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். அங்கே பிராங்காஸ்கோபி (தொண்டை வழியாகக் குழாய் விட்டு மூச்சுக் குழலைப் பார்ப்பது) செய்தார்கள். வாளை விழுங்குகிறவன் மாதிரி தலையைப் பின்னால் தொங்கப் போட்டுப் படுத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம், நானும் மகனும் இந்தப் பக்கம். டாக்டர் கன்னடக்காரர். அதுவரை என்னோடு கன்னடத்தில்தான் பேசினார். அன்று காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு என் மகனிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நாலு பாஷை தெரிந்த நான் அந்த அறையில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். கோவிந்தன் இரண்டு கேள்வி கேட்டான். அவன் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். அவனைப் படிக்க வைக்க நான் எத்தனை நாள் லாரியின் மூட்டை மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்!

வெளியே வந்ததும் கேட்டேன்.

"இன்னாடா சொன்னாரு?"

"டி.பி. புண்ணு ஆழமா போயிட்டிருக்குதாம்பா. கெட்டுப்போன பாகத்த எடுத்துட்டா சரியாயிடுமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

கார்த்திகையில் வேலூரில் ஆபரேஷன் நடந்தது. வலது நுரையீரல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை தையல். ஒரு விலா எலும்பையும் எடுத்தார்கள். விழித்தபோது எருமை ஒன்று மார்பின் மேல் படுத்திருப்பது போல் இருந்தது. பிறகு ஒரு நர்ஸம்மா இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் குழாயால் இணைத்துக் கொடுத்து, ஒன்றில் இருக்கும் தண்ணீரை ஊதி மற்றதில் ஏற்றச் சொன்னார். மிச்சம் இருக்கும் நுரையீரலுக்கு அது பயிற்சி. முதல் நாள் தண்ணீர் அசையவே இல்லை. பதினைந்தாம் நாள் முழுப் புட்டியையும் ஏற்றினேன். அந்த வார்டிலேயே நான்தான் முதலில் ஏற்றினேன் என்று நர்ஸம்மாவே சொன்னார்.

படுக்கையில் புரண்டால் வெறுமையான பக்கத்தில் பாதிக் குடத்துத் தண்ணீர் போல் ஏதோ தளும்பும். பயந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நீர் சேர்ந்து மெல்ல இறுகுமாம். சில மாதத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

பொங்கலுக்கு வீடு வந்தேன். ரத்தம் இல்லை. ஆனாலும் அதே தனித் தட்டு, அதே பலகை. வாரம் இருமுறை கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். டி.பி. வேர் அறுவதற்கு என்றார்கள். லட்சு நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் நடப்பதைப் பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். அவள் பேசத் தொடங்கியதையும் அங்கிருந்துதான் கேட்டேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம். காபி பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து ராஜம்மா உள்ளே வந்தாள். டம்ளரை எடுத்தவள், மிச்சம் இருந்த காபியை அங்கேயே நின்று குடித்தாள். டம்ளரில் வாயை வைத்துக் குடித்தாள்.

"அடியே! சாவணும்னு ஆசையா உனக்கு? அது என் டம்ளரு!"

அவள் திடுக்கிட்டாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இது ஒட்டாதுங்க."

"எது ஒட்டாது?"

அவள் டம்ளரின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள்.

"ராஜம்மா, எது ஒட்டாது?"

"உங்களுக்கு டி.பி. இல்லங்க. புத்து. எடுத்தாச்சு, போயிடுச்சுன்னு சொன்னாங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான் உங்க புள்ள."

புத்து என்றால் புற்றுநோய். அந்தச் சொல்லைவிட முதலில் என்னைத் தாக்கியது வேறு. தினமும் என் எச்சில் டம்ளரில் இவள் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்; என் எதிரில் மட்டும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடித்திருக்கிறாள். இது அன்பா, துரோகமா என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

கம்பவுண்டரைப் பிடித்துக் கேட்டேன். சத்து ஊசிதான் போட்டாராம். ஊர் டாக்டருக்கும் தெரியுமாம். எனக்கு என்ன வியாதி என்று ஊரில் மூன்று வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. வியாதிக்காரனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் வந்தான்.

"தெரிஞ்சிருந்தா ஆபரேஷனுக்கு ஒத்திருப்பீங்களாப்பா? பெரியசாமி மாமாவுக்குக் கன்னத்துல புத்து வந்தப்ப, 'கத்தி பட்டா பரவிடும், வேணாம்'னு தடுத்தது யாரு? நீங்கதான. அவரு போயிட்டாரு. நீங்க இருக்கீங்க."

அவர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. எல்லாம் தெரிந்த மாதிரி சொன்னேன், என் பேச்சை நம்பினார். இதையும் எழுதாவிட்டால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

"சரிடா. கத்தி வெக்கிற வரைக்கும் மறைச்ச. ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம்?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…"

"எட்டு மாசமா? கொழந்தைய எங்கிட்ட வுட்டிருக்கலாமேடா. வியாதி பேரைக்கூடச் சொல்ல வேணாம். கொழந்தைய வுட்டிருக்கலாமே."

"தனித் தட்டை எடுத்தா ஏன்னு கேப்பீங்க. டி.பி.ன்னா ஊசி இருக்குதுன்னு தைரியமா இருந்தீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தவன் அவன்தான். அந்த எட்டு மாதத்தை எடுத்தவனும் அவன்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய என்னால் முடியாது. வியாதிக்காரரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். பொய் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பொய் எந்த நாளோடு முடியும் என்பதைச் சொல்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த தடவை பெங்களூருக்கு ராஜம்மாவோடு போனேன். டாக்டர் காகிதத்தைப் பிரித்ததும், "கன்னடதல்லி ஹேளி, டாக்டரே" என்றேன், கன்னடத்திலேயே சொல்லுங்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வியாதிக்காரரிடம் இந்தப் பெயரைச் சொல்கிற வழக்கம் இல்லை, உங்கள் மகனும் கேட்டுக்கொண்டார் என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இப்போது படம் சுத்தமாக இருக்கிறது. திரும்ப வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். கேட்டு முடித்தபோது உடம்பு நடுங்கியது. ஆனால் நடுங்கியது என் உடம்பு. விவரம் தெரிந்து நடுங்கியது.

இப்போது மண்டிக்குப் போகிறேன். லாரி அலுவலகத்துப் படி ஏற இரண்டு இடத்தில் நிற்கிறேன். முன்பெல்லாம் சீசனுக்குச் சீசன் தாவினேன். இப்போது என் வருஷம் ஆறு மாதம்தான், ஒரு படத்திலிருந்து அடுத்த படம் வரைக்கும். வெங்கடப்பா பழையபடி துண்டுக்குள் கையை விடுகிறார். என் விரல் நுனி கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார்.

வீட்டில் பலகையை எடுத்துவிட்டோம். அன்றைக்கே லட்சுவைக் கூப்பிட்டேன்.

"வா கண்ணு. தாத்தா மடியில உக்காரு."

வந்தாள். நாலடி தள்ளி நின்றாள். இன்னும் கூப்பிட்டேன். கையில் பாதி கடித்த முறுக்கு இருந்தது. அதைத் தரையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, இரண்டடி பின்னால் போனாள்.

"தொடக் கூடாது தாத்தா" என்றாள், எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி.

மூன்று மாதமாகிறது. தினமும் கூப்பிடுகிறேன். நேற்று மூன்றடியில் நின்றாள்.