சாம்பல் வரிசையில் மூன்று நாள்

இப்போதென்றால் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதினால் போதும். ஒற்றை, இரட்டை என்று பிரவுசரே எண்ணி, அட்டவணையின் வரிசைகளுக்கு மாறி மாறி நிறம் பூசிவிடும். சண்டைக் காலத்தில் திருகோணமலையில், இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவும் எங்கள் அலுவலகத்தின் கணினிக்கு அந்த வித்தை தெரியாது. எனக்கும் தெரியாது. வெள்ளை, சாம்பல், வெள்ளை, சாம்பல் என்று ஒவ்வொரு வரிசைக்கும் நானே நிறம் எழுதினேன்.

அட்டவணை காணாமற்போனவர்களுடையது. ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கம் ஷெல்லடிக்குப் பயந்து ஓடி, வழியில் ஒருவரையொருவர் தவறவிட்ட சனம். பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம். வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்கள் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். யாராவது ஒரு முகாமில் கிடைத்தால், பெயரை அங்கிருந்து எடுத்துக் கிடைத்தவர்களின் பக்கத்தில் போடுவது என் வேலை. முதலில் எல்லா வரிசையும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு தாய் கண் தவறி, மகனின் பெயருக்கு நேரே பக்கத்து வரிசை விவரத்தை வாசித்து அழுதுவிட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் நிறம் பூசினேன்.

நல்ல எண்ணம்தான். போகப் போக அதுவே எனக்கு விசராகி, பைத்தியம் போலப் பிடித்துக்கொண்டது. அம்மாவும் தங்கையும் படகேறி இந்தியாவுக்குப் போயிருந்தார்கள். நான் வேலையை நம்பி லிங்கநகரில் ஓர் அறையில் கிடந்தேன். சில நாட்களில் பேக்கரிக் கடைக்காரரிடம் ஒரு றாத்தல் பாண் கேட்டதைத் தவிர வேறொன்றுக்கும் வாய் திறந்திருக்க மாட்டேன். தாங்க முடியாத தனிமை. ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் போய்விடுவேன். ஜன்னலில் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். நான் பார்ப்பது அட்டவணையைத்தான். ஊரில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான், அதுவும் என்னால்தான் என்று பெருமை வேறு.

முகாம் முகாமாய்ப் போய்ப் பெயர் பதிந்து வருகிற அக்கா ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். கண்டறியாத கலர், சனம் சோறில்லாமல் கிடக்குது, இவருக்கு வடிவு வேணுமாம் என்று சிரிப்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஒருநாள் முழுக்க அவரோடு கதைக்காமல் இருந்தேன். கதைக்க வேறு ஆள் இல்லாததால் மறுநாள் நானே போய்க் கதைத்தேன்.

சோலி என்னவென்றால், நடுவில் ஒரு வரிசையை எடுத்தால் இரண்டு வெள்ளையோ இரண்டு சாம்பலோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். கிடைத்தவரின் பெயரை உடனே எடுக்க மாட்டேன்; ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் நிற்கக்கூடாது என்பதால் கிடைத்தவர்களின் பக்கத்திலும் போட மாட்டேன். புதிதாக ஒருவரைக் காணவில்லை என்று பதிவு வந்ததும், அதே வரிசையில் அவரை இருத்திவிடுவேன். நிறம் குலையாது. பெரும்பாலும் அன்றைக்கே புதுப் பெயர் வந்துவிடும்; காலம் அப்படி. இன்னொருவர் தொலையட்டும் என்று நான் காத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. யாருக்கும் சொல்லவுமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா பெயர் எழுதிய ஒரு காகிதத் துண்டு கொண்டுவந்து தந்தார். ஈச்சிலம்பற்றுப் பெண் ஒருவர் பள்ளிக்கூட முகாம் ஒன்றில் கிடைத்திருக்கிறார். அங்கே தொலைபேசி வசதி இல்லை. கணவர் கட்டாரில் வேலை. ஒவ்வொரு நாளும் எங்கள் பக்கத்தைப் பார்ப்பாராம், அதில் போட்டால், தான் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பியிருந்தார். மறக்கவேண்டாம் என்று அக்கா இரண்டு தரம் சொன்னார். ஓம், ஓம் என்றேன். பெயரைத் தேடினேன். பட்டியலின் நட்டநடுவில், சாம்பல் வரிசை. புதுப் பெயர் வரட்டும் என்று துண்டைக் கீபோட்டுக்குக் கீழே செருகினேன்.

புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழனும் இல்லை. இரண்டு நாளாக ஒருவரும் காணாமற்போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டிய நான், எரிச்சலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கட்டாரிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் கணவர். மனைவியின் பெயரைச் சொல்லி, அவ இன்னும் பட்டியலில் இருக்கிறாவே, வேறு ஏதும் தெரியுமோ என்று மெல்லக் கேட்டார். சாப்பாடு இறங்குவதில்லை, இரண்டு நாளாக வேலைக்கும் போகவில்லை என்றார். கீபோட்டுக்குக் கீழே கிடந்த துண்டை வெளியே இழுத்தேன்.

"அண்ணை, அவ இருக்கிறா. முகாமில சுகமா இருக்கிறா."

அந்தப் பக்கம் அவர் வாய்விட்டு அழுவது கேட்டது. அழுது முடித்து, எப்போது கிடைத்தவ என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். அதை மறைக்க மனம் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று அவர் எண்ணுவது கேட்டது. வரிசையின் நிறம் குலைந்துவிடும் என்பதற்காக என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? கடைசியில் அவரே எனக்காக ஒரு காரணம் தேடித் தந்தார்.

"அங்க கரண்ட் இல்லையாக்கும் தம்பி. நீங்கள் என்ன செய்ய ஏலும்?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அதோடு அவர் தொலைபேசியை வைத்திருக்கலாம். உங்கட ஆக்கள் எங்கே, தம்பி என்று விசாரித்தார். இந்தியாவில் என்றேன். நீங்கள் தனியவோ என்றார். மாதக்கணக்கில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஓம், தனியத்தான் என்றேன். பாவம், கவனமாக இருங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பெயரை எடுத்துக் கிடைத்தவர்களின் பக்கத்தில் போட்டேன். இரண்டு வெள்ளை ஒட்டிக்கொண்டு நின்றன. அப்படியே விட்டுவிட்டேன். அந்த மூன்று நாளும் திருகோணமலையில் கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை.