காது மிஷின் மாப்பிள்ளை

இன்று காலை அம்மா போன் செய்து கேட்ட முதல் கேள்வி:

"ஏலேய், ஒனக்கு எப்பத்துல இருந்துல காது கேக்கல?"

"என்னது?" என்றேன். (யாராக இருந்தாலும் இதைத்தானே கேட்பார்கள்!)

மறுமுனையில் ஒரே அழுகை. "ஐயோ, நெசமாவே கேக்கலியே! ஏங்க, இங்க வாங்க, புள்ளைக்கு நெசமாவே கேக்கலங்க!"

அழுகையை நிறுத்தி விஷயத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன மாதம் அம்பாசமுத்திரம் போய் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். பெயர் கலைச்செல்வி. எனக்கு ரொம்ப ரொம்பப் பிடித்துவிட்டது! (வெட்கமே இல்லாமல் சொல்கிறேன்.) நேற்று நான் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருந்த நேரமாகப் பார்த்து, அவளுடைய அப்பா வடக்குப்பட்டுக்கே வந்து, நான் குடியிருக்கும் வீட்டில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். பெண்ணைப் பெற்றவர், விசாரிக்கத்தானே செய்வார். அதில் தப்பில்லை.

வீட்டுக்கார அக்கா சொன்ன பதில்தான் தப்பு. பையனுக்குக் காது கேட்காதாம்.

"மிஷினு மாட்டிட்டுத்தான் அலையுதானாம்லா! இந்த சம்பந்தமே வேண்டாம்னுட்டாவன்னா என்னல செய்ய?" என்றாள் அம்மா.

மிஷினா!

அது ஹெட்போன், மக்களே! ஜெர்மனிக்கு ட்ரெயினிங் போன நண்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வரச் சொன்னது. காதை முழுசாக மூடுகிற குஷன் வைத்தது.

ஃபேக்டரியில் தகடு அடிக்கிற ப்ரெஸ் ஷாப்பில் நாள் முழுக்க டமால் டமால் கேட்டுவிட்டு வந்து, குளித்து, சிடி ப்ளேயரில் ஒரு பழைய ராக் ஆல்பத்தைப் போட்டு இதை மாட்டினால் போதும். கிடார் இடது காதில் கிளம்பி, மண்டைக்குள்ளேயே நடந்து, வலது காதுக்குப் போகும்! பாடுகிறவர் கத்துவதற்கு முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்! (டமால் கேட்டுவிட்டு வந்து மறுபடியும் டமாலா என்று கேட்காதீர்கள். இது தாளத்தோடு வருகிற டமால்.)

கீழே ஓடினேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்குக் காது கேக்காதுன்னு சொன்னீங்களா?"

"இன்னா தம்பீ?" தெருமுனை வரை கேட்கும் குரல். "நா பேசறது கேக்குதா?"

"கேக்குதுக்கா! நல்லாவே கேக்குது!"

"மிஷின் இல்லாமயா?" அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "குணமாய்ட்ச்சா!"

அது பாட்டுக் கேட்கிற சாமான் என்று விளக்கினேன். நம்பினால்தானே!

"பாட்டுன்னா எங்களுக்கும் கேக்கணும் இல்ல? தண்ணி வந்துட்ச்சுன்னு எத்தினி வாட்டி கூப்டுக்கிறேன், திரும்பிப் பாத்துக்கிறியா நீ? கண்ண மூடிகினு, தலய ஆட்டிகினு குந்திகினு இருப்ப. என் நாத்தனார் வூட்டுக்காரருக்குக் காதுல பட்டாணி சைஸ்ல கீது. உனக்கு இம்மாம் பெருசு கீதே, கேஸ் ரொம்ப முத்திப்போச்சு போலன்னு நெனச்சேன்."

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. குடிவந்த நாளிலிருந்து அக்கா என்னிடம் கத்தித்தான் பேசுவார். இந்தப் பக்கத்துப் பேச்சே அப்படித்தான் போலிருக்கிறது என்று, மரியாதைக்கு நானும் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தேன்! (காது கேட்காதவன் கத்தித்தானே பேசுவான். அக்காவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.)

"நா கெட்டதா ஒண்ணும் சொல்லலபா. தங்கமான புள்ள, குடி கெடையாது, பீடி கெடையாது, காது மட்டும் கெடையாதுன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

நல்லவேளை, பெண்ணின் அப்பா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. குன்றத்தூரில் உறவினர் வீட்டில் இருந்தார். போன் போட்டுக் கெஞ்சினேன்.

"மாமா, எனக்குக் காது நல்லாக் கேக்கும். நேர்ல வந்து நீங்களே பாத்துருங்க."

"போன்ல பேசுதியளே தம்பி... இதுலயும் மிஷினு இருக்கோ?" என்றார் சந்தேகத்தோடு.

ஆனாலும் மதியம் வந்துவிட்டார். மனிதர் லேசுப்பட்ட ஆள் இல்லை. என்னிடம் ஒன்றும் கேட்காமல், அக்காவின் பக்கம் திரும்பி, ரகசியம் மாதிரி, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்றார்.

மாடிப்படியிலிருந்து நான் கத்தினேன்: "பின்பக்கம் மாமா! தாழ்ப்பாள் சரியில்ல, கல்ல வச்சு அடச்சுக்கோங்க!"

(யாரும் யாரையும் இவ்வளவு ஆர்வமாகப் பாத்ரூமுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.)

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. "கேக்கு, கேக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடுவேனா! ஹெட்போனைக் கொண்டுவந்து அவர் காதில் மாட்டினேன். என்னிடம் இருப்பதிலேயே சிறந்த ஆல்பம், அதிலேயே சிறந்த பாட்டு.

கண்ணை மூடினார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. வருங்கால மாமனாரையே ராக் ரசிகராக்கிவிட்டேன் என்று எனக்குப் புல்லரித்துப்போனது.

மெதுவாகக் கழற்றினார். என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒங்களுக்குக் காது நல்லாத்தான கேக்கு?"

"நல்லாக் கேக்குது மாமா."

"பொறவு எதுக்குத் தம்பி இதக் கேக்கிய?"

அக்கா சிரித்த சிரிப்பு ஒரகடம் வரை கேட்டிருக்கும்.

மாமா அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "பையன் நல்ல பையன்தான். காதும் கேக்கு. கேக்குற பாட்டுதான் சரியில்ல. நீயே பேசிக்கோம்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

கலைச்செல்வி கேட்டாள்: "ஒங்களுக்குக் காது நல்லாக் கேக்குமாமே?"

"ரொம்ப நல்லாக் கேக்குங்க!"

"அப்பம் கல்யாணத்துக்குப் பொறவு, நான் கூப்பிட்டது காதுல விழலன்னு ஒரு நாளும் சொல்ல முடியாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன், மக்களே! அவளும் சொல்லிவிட்டாள்! சந்தோஷம் தாங்காமல் பஸ் பிடித்து வந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான அண்ணன்கள் யாராவது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள்: நான் இப்போது தப்பித்தேனா, மாட்டிக்கொண்டேனா?