ஓரகத்திக்கும் எனக்கும் ஒரே மாத்திரை

கேரளத்துப் பீர்மேட்டில், தேயிலை எஸ்டேட் குடியிருப்பான எங்கள் லயத்தில் என் வீட்டுக்கும் ஓரகத்தி வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் என் கணவரின் தம்பி மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில், ஞாயிறு ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தாள். அன்று தொடங்கி சபையில் ஜெபம் என்றால் முதலில் அவளுக்குத்தான். எங்கள் மாமியார், அத்தை, காலையில் போடும் பாலில்லாத கட்டன்சாயாவின் முதல் தம்ளரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போகும். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, எனக்கே வலி வரும்வரை.

ஒரு மழைக்காலத்தில் வலது விலாவில் எனக்கு அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகும் வலி போகவில்லை. ஜாக்கெட் துணி உரசினால் கொதிக்கிற கஞ்சியை ஊற்றினதுபோல் எரியும். அதோடுதான் தேயிலை பாக்டரிக்குப் போய் வந்தேன்.

"புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

அத்தை சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேட்டி" என்றார். ஓரகத்தியின் நோய் ஊரே பார்க்க நடுக்கோயிலில் விழுந்தது. என்னுடையதைக் காட்டுவதற்கு ஒரு தழும்புகூட மிச்சமில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். "அக்கி போயி. ஆனா அது நரம்பக் கெடுத்துட்டுப் போயி. வேதனை உள்ளதுதான், பேடிக்கண்டா" என்றார், பயப்பட வேண்டாம் என்று. வேதனை உள்ளது என்று முதன்முதலாக ஒருவர் சொன்னதும் எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

கிட்னி சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதினார். இரவு ஒன்று, சின்ன அளவு, பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவோம் என்றார். தலை சுற்றும், தூக்கம் வரும், மிஷின் பக்கம் நிற்கக் கூடாது. கேட்காமல் இருமல் மருந்தோ தூக்க மாத்திரையோ சேர்க்கக் கூடாது. நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வீட்டில் வந்து அட்டையைப் பார்த்தேன். காபாபென்டின். அடுத்த வீட்டு அலமாரியில் இருப்பதும் அதேதான். அவளுக்கு மூன்று வேளை, எனக்கு ஒரே வேளை. மாத்திரையில்கூட அவளுக்குத்தான் கூடுதல் என்று மனசு கருகியது.

வாரங்கள் போயின. வலி குறையவில்லை, கிறுகிறுப்பு மட்டும் வந்தது. பாக்டரியில் மிஷினை விட்டு என்னைப் பாக்கெட் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து அவளையே நினைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு வலிப்பு வந்து வருஷங்களாகிவிட்டன. அந்த மருந்து அவள் சொல்பேச்சைக் கேட்கிறது, என்னை மதிக்க மாட்டேன் என்கிறது என்று தோன்றும்.

ஒரு நாள் அவள் மீன்குழம்பு கொண்டுவந்தபோது நான் மாத்திரையை விழுங்கிவிட்டு, நெஞ்செரிச்சலுக்கு வாங்கிய ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ரெண்டையும் சேத்தா குடிக்கிய?" என்றாள். "வயித்து மருந்து இந்த மாத்திரைய உடம்புல சேர விடாதாம். அதக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் இதப் போடணும்னு எனக்கு டாக்டர் சொல்லியிருக்காவ."

"எனக்கும் டாக்டர் இருக்காவ" என்றேன்.

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில், அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் கேட்டேன். "அது சரியாணு. யாரு சொன்னது?" என்றார் டாக்டரம்மா. "யாரோ சொன்னாங்க" என்றேன். அதோடு விடாமல், "என் ஓரகத்திக்கு மூணு நேரம் குடுத்திருக்கீங்க. எனக்கும் அப்படியே எழுதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு ஃபிட்ஸ், உங்களுக்கு நரம்பு வேதனை. அவ அளவு அவளுக்கு, உங்க அளவு உங்களுக்கு. இன்னொராள் மருந்து பார்த்து யாரும் கழிக்கக் கூடாது" என்றார். கழிப்பது என்றால் மலையாளத்தில் சாப்பிடுவது. அவராகவே கொஞ்சம் கூட்டி எழுதினார்.

இரண்டு மருந்துக்கும் நடுவே நேரம் விட்டுச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வலி மெல்ல இறங்கியது. டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னேன். ஓரகத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறு வெயில்காலத்தில் ஜாக்கெட் உரசியதே தெரியாமல் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். இனி எதற்கு மாத்திரை என்று கேட்டபோது டாக்டரம்மா, "ஒரேயடியா நிறுத்தண்டா" என்று, படிப்படியாகக் குறைத்தார்.

அந்த நாட்களில்தான் குழாயடியில் ஓரகத்தி கேட்டாள்.

"ஒங்க மாத்திரைய நிறுத்தப் போறாவளாமே?"

"ஆமா."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "நானும் நல்லாத்தான இருக்கேன். நானும் நிறுத்திட்டேன்" என்றாள். "நேத்து மத்தியானத்துலருந்து போடல."

வாளியைக் கீழே வைத்தேன். "ஒனக்குப் பைத்தியமாட்டி?"

"நான் குளிக்கையில கதவத் தாழ் போட்டதே இல்ல, தெரியுமா? அத்தை வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாவ. அடுப்புக்கிட்டத் தனியா விடமாட்டாவ. ஒங்களுக்கு வேல இருக்கு, கூட்டாளிய இருக்காவ. நீங்க பாக்டரிக்குப் போறத ஜன்னல்ல நின்னு பாப்பேன். வயிறு எரியும்."

அவளுக்கு என்மேல் பொறாமையா! உள்ளதைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்றிலிருந்து அவள் மாத்திரை போடவில்லை என்பது உறைத்த பிறகுதான் பயம் வந்தது. ஈரச் சேலையோடு அவளை இழுத்துக்கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. சட்டென்று நிறுத்தினால் விட்டுப்போன வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம் என்று விளக்கினார். எந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லி, முதல் மாத்திரையை அங்கேயே போடவைத்தார். அப்போது நான்தான் கேட்டேன், இவள் வேலைக்குப் போகலாமா என்று.

"போகலாமே. மிஷின் வேண்டா, நெருப்பு வேண்டா, ஒற்றைக்கு இருக்க வேண்டா" என்றார். தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நல்லவேளையாக வலிப்பு வரவில்லை. இப்போது அவள் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில், இன்னும் இரண்டு பெண்களோடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேளை தவறாமல் மாத்திரை போடுகிறாள். நான் மாத்திரையை விட்டாயிற்று.

காலையில் சேர்ந்துதான் நடக்கிறோம். காப்பகத்து வாசலில் அவள் தலை தெரிந்ததும் குழந்தைகள் கூச்சல்போட்டு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொள்கின்றன. பாக்டரி வாசலில் என்னைக் கட்டிக்கொள்ள யாரும் ஓடிவருவதில்லை. அதற்கும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.