இருபது கட்டங்களில் விட்டுப்போன பெயர்

எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் தொடங்கி சித்திரைக்குள் முடிந்துபோன விஷயம் இது. நடந்த இடம், திருப்பூருக்குப் பக்கத்தில் நான் டைம்கீப்பராக வேலை பார்க்கும் நூல் மில். பனியன் கம்பெனிகளுக்கு நூல் கொடுக்கும் நடுத்தரமான மில். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எந்த ஷிப்டு என்று வாசல் அறையில் உட்கார்ந்து குறிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

யார் பெயரையும் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பழனிசாமி என்று எழுதினால் யாரையும் காட்டிக் கொடுத்ததாக ஆகாது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெயர் அது. எங்கள் மில்லில் மட்டும் பதினோரு பழனிசாமிகள். யாரும் யாரையும் வெறும் பழனிசாமி என்று கூப்பிடுவதில்லை. ரேடியோப் பழனிசாமி என்றால் ஓயாமல் பேசுகிறவர். பூண்டிப் பழனிசாமி என்றால் திருமுருகன்பூண்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஸ்பின்னிங்கில் இருந்த இன்னொருவர் லொக்குப் பழனிசாமி. ஓயாத இருமலால் வந்த பெயர். அவர் வாசலுக்கு வரும் முன்பே இருமல் வந்துவிடும்.

“மில்லுச் சங்குக்கு முன்னாலயே நம்ம சங்கு ஊதிருச்சுடா, ஓடுங்க” என்று பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நெஞ்சில் சளி, காசம் என்று தெரிந்து, தொழிலாளர் மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். விடாமல் போட்டால் ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதி நாள் கடந்திருந்தது. இருமலும் குறைந்துதான் இருந்தது. பெயர் மட்டும் குறையவில்லை.

எனக்கு ஒரே மகள். கணிதத்தில் பட்டம் வாங்கி, மெட்ராஸில் புரோகிராம் எழுதப் படித்து, கோயமுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தாள். முதல் ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகுதான் நிரந்தரம் என்று ஒப்பந்தம். ரயிலில் போய் ரயிலில் வருவாள். சாயங்காலம் அவள் வந்து காபி குடிக்கும் அரைமணி நேரம் வீடு கலகலவென்று இருக்கும். வேலையைப் பற்றி அவளுக்கு அத்தனை அபிப்பிராயங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய குளிர் அறை, அங்கே கோயில் கர்ப்பக்கிரகத்தில் நிற்பதுபோல் பயபக்தியோடு நிற்கும் முதலாளிகள் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். நூறு வரியில் முடிவதை முந்நூறு வரியில் எழுதுகிறவனுக்குத்தான் அங்கே மரியாதை என்பாள். சேர்ந்த புதிதில் அவளைப் பார்த்து, டைப் அடிக்க வந்த பெண்ணா என்று பெரிய அதிகாரி கேட்டதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

“மெஷினைப் புத்திசாலின்னு நினைக்காதீங்கப்பா. அதாட்ட மக்கு ஒலகத்துல கெடையாது. வாசலுக்குப் போன்னு சொன்னா, கதவு சாத்தியிருந்தாலும் நேராப் போய் முட்டிக்கிட்டு நிக்கும்.”

“அப்ப உங்கப்பனாட்டன்னு சொல்லு” என்றாள் என் மனைவி. மூவரும் வெகுநேரம் சிரித்தோம்.

எங்கள் மில் மேனேஜர் புதுமையில் ஆசை உள்ளவர். தொழிலாளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம், முதல் வேலையாக எல்லோருக்கும் புது மருத்துவ அட்டை அடித்துக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோது, என் மகள் இருக்கும் சென்டரைச் சொன்னது நான்தான். பெருமை. வேறென்ன? பட்டியல் அவள் கைக்கே வந்தது. பழைய டோக்கன் நம்பர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு ஒன்றிலிருந்து தொடங்குவதால் அவை வேண்டாம், புது நம்பரை மெஷினே போட்டுக்கொள்ளும் என்றார்கள். நான் எழுதிக் கொடுக்க வேண்டியது பெயர், இனிஷியல், டிபார்ட்மெண்ட் மட்டும். கட்டம் போட்ட தாள்கள் வந்தன. ஒரு பெயருக்கு இருபது கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து, இங்கிலீஷ் பெரிய எழுத்தில்.

என் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பழனிசாமிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் பட்டப்பெயர் எழுதியிருப்பேன். கே. பழனிசாமி, ஸ்பின்னிங், பூண்டி. அதற்கு நாலு வரி தள்ளி கே. பழனிசாமி, ஸ்பின்னிங், லொக்கு. அந்த இரண்டாவது வரிக்கு வந்தபோது பேனா நின்றது. லொக்கு என்பதை இங்கிலீஷில் எழுதி, அந்தக் குளிர் அறைக்கு அனுப்பி, அது அட்டையில் அச்சாகி, மருந்தகத்தில் நாலு பேர் முன்னால் ஒருவர் சத்தமாகப் படித்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? பட்டப்பெயர் எதுவும் வேண்டாம் என்று மகளும் சொல்லியிருந்தாள். எல்லோருடையதையும் விட்டுவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகள் பென்சிலும் நோட்டுமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்ப்பா, ஒரே டிபார்ட்மெண்டுல ஒரே இனிஷியல், ஒரே பேரு, அப்படி ரெண்டு ஆளு இருக்கறாங்களா?”

“அதெல்லாம் இல்ல கண்ணு.”

“யோசிச்சுச் சொல்லுங்க. மெஷினுக்குப் போற கார்டுல துளை போடற புள்ளைக சிலசமயம் ஒரே ஆளுக்கு ரெண்டு கார்டு போட்டுருதுக. ஒரே மாதிரி ரெண்டு வந்தா ஒண்ணத் தள்ளீருன்னு எழுதப் போறேன்.”

“தள்ளு, தள்ளு. எங்க மில்லுல ஒருத்தரே ரெண்டு ஆளா வர்றதில்ல.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் நம்புங்கள். என் மனதில் அவர்கள் இருவருக்கும் ஒரே பெயர் என்பதே இல்லை. ஒருவர் பூண்டி, ஒருவர் லொக்கு. இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் ஒருவரை இன்னொருவராக நினைத்ததில்லை. அதனால்தான் ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன். சங்கிலிக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தக்கூட இல்லை.

தை மாதக் கடைசியில் புது அட்டைகள் கட்டாக வந்து சேர்ந்தன. மாசி பிறந்தால் பழைய அட்டை செல்லாது. கொடுத்து முடித்தபோது இரண்டு பேருக்கு அட்டை இல்லை. ஒருவர் ஒரு சுப்பிரமணி, அந்தப் பெயரும் எங்கள் மில்லில் பல பேருக்கு உண்டு. சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். கேட்டிலேயே நின்று கத்தினார். மேனேஜர் அன்றே தன் கையால் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னொன்று இப்படி வந்தால் அந்தக் கோயமுத்தூர்க்காரர்களை நிறுத்திவிட்டு, எழுத்து மூலம் புகாரும் கொடுத்துவிடுவேன் என்றார். என் மகளுக்கு நிரந்தரமாக இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

மறுநாள் காலை அந்த இன்னொருவர், லொக்குப் பழனிசாமி, என் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங் சார், நம்ம அட்டை மட்டும் வரலீங்ளே?”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “அடுத்த மாச லிஸ்டுல வந்துருமுங்க” என்றேன்.

“சரிங்க, சரிங்க. அவசரமில்லீங்க.”

சுப்பிரமணிக்கு எழுதிக் கொடுத்ததைப் போல ஒரு சீட்டு போதும். மேனேஜர் அறைக்குப் பத்தடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. அடுத்த மாதம் நானே ஒரு தாளில் எழுதிச் சத்தமில்லாமல் மகளிடம் கொடுத்துச் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். மாசியில் அப்படி எழுதியும் கொடுத்தேன். ஏதோ விட்டுப்போயிற்று என்று மட்டும் சொன்னேன், ஒருவர் அட்டையில்லாமல் இருக்கிறார் என்று சொல்லவில்லை. கே. பழனிசாமி, ஸ்பின்னிங். அதே பெயர், அதே இனிஷியல். மெஷின் அதையும் ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு என்று எண்ணித் தள்ளிவிட்டது. பங்குனியில் வந்த அட்டைக் கட்டிலும் அவருடையது இல்லை.

அவர் மறுபடி வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். மருந்தகத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம். அவராகவேதான் சொன்னார்.

“பழைய அட்டை ஆகாது, ஊசி இல்லைன்னுட்டாங்க. பரவால்லீங்க, இப்ப ஒடம்புக்குத் தேவலைதானுங்க.”

ஜன்னலை விட்டு நகர்ந்ததும் இருமினார். அது தை மாதத்து இருமல் இல்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சித்திரை முதல் வாரம் காலை ஷிப்டில், மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். மேனேஜரின் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவரைத் தூக்கி உள்ளே கிடத்தியது பூண்டிப் பழனிசாமி. மில்லே வாசலுக்கு வந்து நின்றது. எந்தப் பையனும் சங்கு என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மகள் காபியைக் கையில் எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பட்டியல் தாளை விரித்து, விரலால் வரிவரியாகக் கீழே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. கே. பழனிசாமி, ஸ்பின்னிங். ஒரு வரி. ஒரு நம்பர்.

“ரெண்டு பேருங்களா?” என்றாள். “நான் உங்களைக் கேட்டனேங்ப்பா.”

“உன்ற மெஷின் எதுக்கு கண்ணு அவரைத் தள்ளுச்சு?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் குற்றத்தை ஏதாவது ஓர் இரும்பின் மேல் வைக்கத்தான் பார்த்தேன்.

“மெஷின் தள்ளலீங்ப்பா. நான் தள்ளச் சொன்னேன். நீங்க என்னைச் சொல்லச் சொன்னீங்க.”

மறுநாள் காலை முதல் ரயிலில் போய், பெரிய அதிகாரியிடம் தன் தவறு என்று எழுதியே கொடுத்துவிட்டாள். வேலை போய்விடும் என்று வீட்டில் நானும் என் மனைவியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். வேலை போகவில்லை. முதல் தடவை ஓட்டும்போது நாலைந்து பேர் விட்டுப்போவது சகஜம், தானே கண்டுபிடித்துச் சொன்னது நல்ல விஷயம் என்று பாராட்டினாராம். அடுத்த மாதமே நிரந்தரமும் செய்துவிட்டார்கள். இரண்டு மாதம் நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. நடக்கக்கூடியதாகவே இருக்கவில்லை. சகஜம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன எட்டாம் நாள் லொக்குப் பழனிசாமி இறந்துபோனார்.

காரியம் முடிந்து அவர் மனைவி, அவருடைய சைக்கிளையும் சாப்பாட்டுத் தூக்கையும் வாங்கிப் போக வந்தார். என் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வாட்ச்மேன் நிற்பார், அவர் வேலைக்குப் புதியவர். எந்த ஆளுடைய சாமான் என்று கேட்டார். அந்தம்மா புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். கையில் சிறு மகள் வேறு. தயங்கித் தயங்கி, முந்தானையை வாயருகில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அதானுங்க… லொக்குன்னு சொல்லுவாங்களே… அவிய ஊட்டுக்காரிங்க.”

யாருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் அந்தச் சொல்லை விட்டேனோ, அவர் மனைவிக்கே அவரைச் சொல்ல அந்தச் சொல்தான் இருந்தது. எழுந்து போய் அந்தம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். தூக்கை எடுத்துக் கொடுத்தேன். சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் சென்டரிலிருந்து வழக்கமான தாள் வந்தது. வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் பெயர்களை நிரப்பி அனுப்பினால், மெஷின் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். நான் கட்டங்களில் கே என்று எழுதினேன், பழனிசாமி என்று எழுதினேன். டிபார்ட்மெண்டுக்கு வந்தபோதுதான் கை நின்றது. பட்டியலில் இருக்கும் கே. பழனிசாமி, பூண்டியிலிருந்து அன்று காலையும் சைக்கிளில் வந்து, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனவர். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன். இவரை எப்படி நீக்குவது என்று கேட்டேன்.

தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நீக்க வேண்டாங்ப்பா. நாம அவரைச் சேர்த்தவே இல்லீங்ளே.”

அவள் இன்னும் அதே சென்டரில்தான் வேலை பார்க்கிறாள். காபி குடிக்கும்போது வேலையைப் பற்றி இப்போது எதுவும் பேசுவதில்லை. நடுவில் எழுதுவதை நிறுத்திய அந்தத் தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நிரப்பவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. தினமும் காலையில் சங்கு ஊதியதும் ஒவ்வொருவராக என் ஜன்னலைக் கடந்து போகிறார்கள். யாராவது சாதாரணமாக இருமினாலும் எழுந்து நின்று முகத்தைப் பார்க்கிறேன். பார்த்து என்ன ஆகப் போகிறது, பார்க்க வேண்டிய இரண்டு மாதமும் ரிஜிஸ்டருக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் நான்.