மீன் கல்லில் பூசிய சிமெண்டு

எங்கள் ஊர் ஊருணியின் உள்பக்கக் கல் சுவர் என் மாமனாரின் பாட்டனார் கட்டினது. அதில் ஒரு கல்லில் மீன் செதுக்கியிருக்கும். தண்ணீர் மீன் வாயைத் தொட்டுவிட்டால் அந்த வருசம் குடிதண்ணீருக்குக் கவலை இல்லை. அன்றைக்கு மீன் வாயில் குங்குமம் வைத்து முதல் குடம் மொள்வது எங்கள் வீட்டு மருமகள். நாற்பது வருசமாக நான்தான்.

போன கோடையில் சுவரைச் சரிசெய்ய டவுனிலிருந்து ஒரு இஞ்சினியர் பிள்ளை வந்தது. இடுக்குக்குச் சுண்ணாம்புதான் வைக்கணும், மண்ணில் ஊறுகிற தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை அடைக்கக் கூடாது, மீன் கல்லைத் தொடவே கூடாது என்று உள்ளூர்க் கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனது.

எனக்கு அந்த ஓட்டைச் சுவர் பொக்கை வாயாகத் தெரிந்தது. எங்கள் குடும்பத்துச் சுவர் இப்படியா நிற்பது? நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் ஊரில் என் பேச்சைத் தட்டினவர் கிடையாது. இஞ்சினியர் வராத நாளில், மீன் கல் ஓரம் வரைக்கும் வழவழவென்று சிமெண்டு பூசச் சொன்னேன். கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

“வேண்டாம்த்தா, தண்ணி வெளிய வர வழியிருக்காது.”

“சொன்னதைச் செய்யிய்யா.”

ஐப்பசி மழையில் கரை மண் ஊறிச் சுவர் முன்னால் தள்ளி, ஒரு பாகம் சரிந்தது. மிச்ச சிமெண்டைக் கொத்தி எடுக்கையில் மீன் வாயும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஏன் சிமெண்டு பூசினாய் என்று கொத்தனாரைக் கேட்டார்கள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தல்குடியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து கட்டினார்கள். அதற்கப்புறம் உள்ளூரில் கொத்தனாரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் எனக்கு ஒதுங்கித்தான் வழிவிடுவார்.

இந்த வருசம் தண்ணீர் மூளி மீனைத் தொட்டது. முதல் குடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குங்குமத்தோடு குனிந்தவளுக்கு வைக்க இடம் தெரியவில்லை. நிமிர்ந்து எல்லார் முன்னாலும் சொன்னேன்.

“சிமெண்டு பூசச் சொன்னது நாந்தான். கொத்தனார் வேண்டாம்னுதான் சொன்னாக.”

குடத்தோடு நின்ற கொத்தனார் பெண்டாட்டி என்னையே பார்த்தாள்.

“நீங்களாச் சொல்லுவீகன்னுதான் அவுக ஒரு வருசமா வாயத் தொறக்கலத்தா.”

அவளை முன்னால் விட்டுவிட்டு, வரிசைக் கடைசியில் போய் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.