ஒரே ரிக்‌ஷாவில் வந்த இரண்டு சர்ச்

அப்பு, இன்றைக்கு நம் வாசலில் நடந்ததைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

உன் அப்பாவின் கத்தோலிக்கக் கோயில் சிஸ்டரும், என் புராட்டஸ்டண்ட் சர்ச் போதகரின் மனைவி ஐயரம்மாவும் ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். நாகல் நகரில் நம் தெருவே எட்டிப் பார்த்தது.

"ரெண்டு சபையும் சேந்து சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தாரோம். அப்புறம் விளையாட்டு, சுண்டல். உங்க செல்வியையும் அனுப்புங்க" என்றார் ஐயரம்மா.

அவர்கள் உட்கார நான் பாய்கூட விரிக்கவில்லை. போன வருஷம் நீ காய்ச்சலில் போனபோது, உன்னை அடக்கம் பண்ண இடம் கேட்டு நடந்தேன். கோயிலில் "தாய் அந்தச் சர்ச்சாச்சே" என்றார்கள். சர்ச்சில் "தகப்பன் அந்தக் கோயிலாச்சே" என்றார்கள். கடைசியில் முனிசிபாலிட்டி இடுகாட்டில்தான் உன்னை வைத்தோம். அன்றைக்கு இந்த ரிக்‌ஷா எங்கே போயிருந்தது?

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு தூக்கிட்டு ஓடுவீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் சிஸ்டர், "யாரு பக்கத்துல இருக்கோமோ, அவங்கதான்ம்மா" என்றார்.

அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரிக்‌ஷா போன பிறகும் உன் தங்கை செல்வி வாசலை விட்டு நகரவில்லை. "எல்லாரும் போறாகம்மா. பந்தெல்லாம் இருக்காம். நானும் போகட்டா?"

நீ போனதிலிருந்து அவளோடு விளையாட இந்த வீட்டில் ஆள் இல்லை.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணன்காரன் நீ சொல் அப்பு, இவர்களை நம்பி அவளை அனுப்பட்டுமா?