ஆதிமூலத்துக்கு ஜுரம் இல்லை

உயிரோடு இருந்தவரை ஆதிமூலம் தன் தூக்கத்துக்காக வெட்கப்பட்டதே இல்லை. மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். இரவில் விமானத்தைச் சோதித்து, பறக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் காலையில் அது கிளம்பும். விடுமுறையில் சொந்த ஊரான அடி அண்ணாமலைக்கு வந்தால் பட்டப்பகலில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். “பிளேன் ஓட்டறவரு எழுந்துட்டாரா?” என்று தெருவே கேட்கும். நான் ஓட்டுவதில்லை என்று பல வருடம் விளக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

1996 வைகாசியில் அக்கா பாஞ்சாலையின் மகள் கீர்த்தனாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். புதன் இரவு வேலையை முடித்து, வியாழன் காலை பஸ் பிடித்து வந்தார். மதியம் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பு. வீட்டிலோ முப்பது பேர். ஒரு பக்கம் பந்தல்காரர், இன்னொரு பக்கம் மைக் செட். “பிளேனையே ரிப்பேர் பண்றவரு” என்று ஓடாத கிரைண்டரை வேறு அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் மாலையும் பட்டு வேட்டியுமாக உட்கார்ந்தபோது, இரண்டு நாளில் அவர் தூங்கியது மொத்தம் இரண்டு மணி நேரம். அதுவும் பஸ்ஸில்.

பத்தர் ஊசியை எடுத்தார். வலது காது நல்லபடியாக முடிந்தது. இடது காதுக்கு வரும்போது மாமனுக்குக் கண் சொக்கியது. பிடி தளர்ந்தது. குழந்தை திமிறியது. துளை ஒரு நெல் அளவு மேலே ஏறிவிட்டது.

“ஏண்டா, தலைய புடிடான்னா தாலாட்டா கேட்டுக்கிட்டு இருந்த?” என்றாள் பாஞ்சாலை.

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிமூலம் தன் கைகளைப் பார்த்தார். அன்று இரவு பத்து மணிக்கு இதே கைகளுக்கு வேலை இருந்தது.

பந்தியில் உட்காராமல் எஸ்டிடி பூத்துக்குப் போனார். டூட்டி அதிகாரி ராமதாஸ் போனை எடுத்தார்.

“ராத்திரி வர முடியாது சார். தூங்கல.”

“ஜுரம்னு எழுதிக்கிறேன். முடிஞ்சுது.”

“ஜுரம் இல்ல சார்.”

“ஆதிமூலம், அடுத்த மாசம் புரமோஷன் லிஸ்ட் வருது. தூங்கலன்னு எழுதினா உங்க பேரை அடிச்சுடுவாங்க. பஸ்ஸுல தூங்கிட்டே வாங்களேன்.”

“முகூர்த்த நாள் சார். திண்டிவனம் வரைக்கும் ஒத்தக் கால்லதான் நிக்கணும்.”

“அப்ப ஜுரம்.”

“வேணாம் சார். உள்ளதையே எழுதுங்க. தூங்காத கை என்ன பண்ணும்னு காலையிலதான் பாத்தேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர், “தூங்கறதுக்கு லீவா? எனக்கும் அங்க ஒரு வேலை பாருங்க சார்” என்றார்.

வீட்டில் பாஞ்சாலை காத்திருந்தாள். ராத்திரி வேலைக்குப் போகாததன் காரணத்தைச் சொன்னார். “பிளேனுக்கு இவ்ளோ யோசிக்கிறியே, எம் பொண்ணு காதுக்கு யோசிச்சியாடா?”

“யோசிக்கலக்கா. தூங்கலன்னு உங்கிட்டயும் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்.”

திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. தம்பி இப்படி ஒத்துக்கொண்டதும் அதை அப்படியே விட்டுவிட்டாள். பாயை உதறிப் போட்டாள். மைக் செட்காரரிடம் போய், “பாட்டு போதும், நிறுத்துப்பா. எந்தம்பி தூங்கணும்” என்றாள்.

ஆதிமூலம் மறுநாள் காலைவரை எழவில்லை.

அடுத்த மாதம் பட்டியலை ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. ராமதாஸ் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆதிமூலம் அறைக்கு வந்து படுத்தார். புரண்டார். விட்டத்தைப் பார்த்தார். பகல் முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, தெருமுனை பூத்துக்குப் போய் போன் போட்டார்.

“ராமதாஸ் சாருங்களா? இன்னைக்கும் தூங்கல சார்.”